கழித்துப் போட்ட தாள்கள்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய உறை நேற்று கைக்கு வந்தது. இங்கே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் உறையைத் தடவிப் பார்த்த பிறகுதான் வார்டுக்கு அனுப்புவார்கள், அதனால் நாலு நாள் தாமதம். நாற்பத்திரண்டு தபால்தலைகள், ஒன்றுகூடக் கிழியவில்லை. கப்பல் கம்பெனியின் தபால் பிரிவில் நீ உட்கார்ந்திருப்பதில் எனக்கு இப்படியொரு லாபம். நான் பார்க்காத தேசமெல்லாம் என் கட்டிலில் வந்து கொட்டுகிறது.

இன்று காலை முழுக்க ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கால் மணி நேரம் சும்மா விட்டால் தாள் தனியே, தலை தனியே பிரிந்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் பின்பக்கம் தோல் உரிந்த மாதிரி ஆகிவிடும். சிவப்பு உறை சாயம் விடும், அதற்குத் தனிக் கிண்ணம். இப்போது ஒட்டுப்படம் மாதிரி ஒரு வகை வருகிறது, அது எவ்வளவு ஊறினாலும் மசிவதில்லை. "அது உன் தம்பி மாதிரி, வாயே திறக்காது" என்றாள் பக்கத்துக் கட்டில் ரயிலக்கா. கோபித்துக்கொள்ளாதே, அவள் எல்லோரையும் அப்படித்தான் சொல்வாள். தினமும் விடிந்ததும் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு "வண்டி வந்துடுச்சா?" என்று கேட்பவள். இருபத்தாறு வருடமாகக் கேட்கிறாள். அதனால் அந்தப் பெயர்.

இந்த உறையோடு உன் பெண் குட்டிக்கு இருபதாவது படம் அனுப்பியிருக்கிறேன். ஒரு துறைமுகம். கடல் முழுக்க நீலத் தபால்தலைகள். பல் விளிம்பை மேலே வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அலை தானாக வந்துவிடுகிறது. மேகத்துக்குக் காயம் கட்டும் துணி, கப்பலுக்கு மருந்து அட்டைப்பெட்டி, சூரியனுக்கு மாத்திரை உறையின் மினுமினுப்பு. பசை மைதாவில் காய்ச்சியது. துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது, ஆனால் அது விஷமாம், எங்கள் கையில் தரமாட்டார்கள். பத்திரமாக வைக்கச் சொல்.

குட்டிக்குப் பன்னிரண்டு நடக்கிறது இல்லையா? பிடித்திருந்ததா என்று அவள் கையால் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லேன்.

பெரிய டாக்டர் இந்த வருடமும் உனக்கு ஒன்றும் எழுதவில்லையா? கேட்டுச் சொல்கிறேன் என்றாய். எனக்கு மாத்திரை ஒன்றாகக் குறைந்து எட்டு வருடம் ஆகிறது. கத்தரிக்கோலைக் கையில் கொடுக்கிறார்கள், வாசல் கதவை மட்டும் திறக்கமாட்டேன் என்கிறார்கள். என்ன கணக்கோ.

உன் அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். குட்டிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. படிக்கும் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறாள். பரீட்சை நேரம், அதனால் எழுத முடியவில்லை.

டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் கண்காணிப்பில் இருப்பது நல்லது என்கிறார்கள். நாம் அவசரப்பட்டு ஒன்றும் செய்ய முடியாது. நீ மனதை அலட்டிக்கொள்ளாதே.

வீட்டில் இவளுக்கு முதுகு வலி. எனக்கு ஆபீசில் வேலை பெண்டு நிமிர்த்துகிறது. இந்த வருடமும் நேரில் வர முடியும் என்று தோன்றவில்லை. முப்பது தபால்தலைகள் வைத்திருக்கிறேன். மீன் படம் போட்டவை ஆறு இருக்கின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூலை 8

தம்பிக்கு,

மீன் படம் நன்றாக இருக்கிறது. அதைப் பற்றி எழுத இப்போது உட்காரவில்லை.

போன வாரம் இங்கே அலுவலகத்தைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். புதிதாக ஒரு குமாஸ்தா வந்திருக்கிறார், சுத்தக்காரர். இருபது வருடத்துக் கோப்புகளைக் கழித்து, ஏழு மூட்டையாகக் கட்டி, "உங்க பொம்பளைங்க வெட்டி ஒட்டட்டும்" என்று கைவேலை டீச்சரிடம் தள்ளிவிட்டார். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தனையும் நல்ல கெட்டித் தாள். நாங்கள் ஆறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எழுதியது ஒரு பக்கம், எழுதாதது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

நான் எந்தத் தாளையும் வெட்டுமுன் ஒருமுறை திருப்பிப் பார்ப்பேன். ஒரு தாளில் "குழந்தை" என்று எழுதியிருந்தது. அந்த ழவுக்கு வால் சுழியவில்லை. சின்ன வயதில் உன் சிலேட்டில் எத்தனை தடவை அழித்து எழுத வைத்திருப்பேன், அந்த வாலை நீ கடைசிவரை போட மாட்டாய். அதனால்தான் படித்தேன்.

அப்படியே எழுதுகிறேன். "வீட்டில் இடவசதி இல்லை. சிறு குழந்தை இருக்கிறது. ஆகவே இன்னும் சில காலம் அங்கேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, நோயாளியின் தம்பி."

அதோடு குண்டூசியில் குத்தியிருந்தது ஆஸ்பத்திரி உனக்கு எழுதிய கடிதத்தின் நகல். "தங்கள் அக்கா முழுமையாகக் குணமடைந்துவிட்டார். எப்போது வேண்டுமானாலும் அழைத்துச் செல்லலாம்." தேதி எட்டு வருடத்துக்கு முந்தையது. மூட்டையைக் கவிழ்த்துத் தேடினேன். ஏழு வருடத்துக்கு முன் ஒன்று, ஐந்து வருடத்துக்கு முன் ஒன்று. மூன்று கடிதம், மூன்று பதில். கடைசிப் பதிலில் ஒரே வரி: "இனி இது குறித்து எனக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம்."

டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கையை வெட்டிக்கிட்டியா?" என்றார். இல்லை என்றேன்.

எட்டு வருடமாக "டாக்டர் விட மாட்டேன் என்கிறார்" என்று நீ எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய். அந்தப் பொய்யோடு கூடவே தபால்தலையும் வரும். நான் நாள் முழுக்க ஊறப்போட்டு, உலர்த்தி, உனக்கு நன்றி எழுதுவேன்.

இது உன் கையெழுத்துதானா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

அக்கா

ஜூலை 30

தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்தலையும் இல்லை. நீ படித்துவிட்டாய் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ரயிலக்கா செத்துப்போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை மூட்டையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். கண் திறந்தபடி இருந்தது. பெரிய நர்ஸ் அவள் மகனுக்குப் போன் போட்டார். "அங்கேயே முடிச்சிடுங்க" என்றானாம். போனைக் கீழே வைத்த பிறகும் நர்ஸ் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். அந்த மூட்டைகளில் உன் கடிதம் மட்டும் இல்லை. எங்கள் வார்டில் இன்னும் ஏழு பேருக்கு இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி. இடவசதி இல்லை, கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், சொந்த வீடு இல்லை. ரயிலக்காவின் மகன் அவளை முதலில் வேண்டாம் என்றது பதினெட்டு வருடத்துக்கு முன்னால். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். "வண்டி வந்துடுச்சா?" என்று கேட்பவளிடம் என்னவென்று சொல்வது? "இன்னும் வரலக்கா" என்றே சொன்னேன். நீ எனக்குச் சொன்னதும் அதேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனால் நான் அவள் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் நீ பேசாமலிருந்தால் அதற்கு வேறு பெயர்.

அக்கா

ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

ஆமாம். என் கையெழுத்துதான். மூன்றும் நான் எழுதியதுதான்.

உன் கடிதங்களை ஆபீசில் வைத்துதான் படித்தேன். உன் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஏதோ நான் சும்மா உட்கார்ந்த இடத்திலிருந்து உன்னைக் கழற்றிவிட்டவன் மாதிரி எழுதியிருக்கிறாய். அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? டாக்டர்கள் அதை உன்னிடம் பேசக்கூடாது என்றார்கள், நானும் பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

குட்டிக்கு எட்டு மாதம். அவள் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்து பார்த்தால் தொட்டிலில் குழந்தை இல்லை. வாசலுக்கு ஓடினேன், தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கையை மேலே காட்டினாள். ஐந்தாவது மாடிக்கும் மேலே, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் நீ உட்கார்ந்திருந்தாய். கால் இரண்டும் வெளிப்பக்கம். குழந்தை மடியில். ஒரு கையாவது அவளைப் பிடித்திருந்ததா என்றால் இல்லை. இரண்டு கையாலும் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தாய்.

மேலே வந்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. நீ திரும்பிச் சிரித்தாய். நீ திரும்பிய அந்த நொடியில்தான் குழந்தையைப் பிடுங்கினேன்.

அன்றைக்கு இவள் சொன்னாள், "உங்கக்கா இந்தப் படி ஏறினா நானும் குழந்தையும் இறங்கிடுவோம்." அவளைக் குறை சொல்வாயா? பதினோரு வருடமாக எங்கள் மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது. வீடு மாறினோம், முதல் வேலையாக மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து முதல் கடிதம் வந்தபோது பதில் எழுத ஒரு மாதம் ஆயிற்று. மூன்றாவதற்கு அன்றே எழுதிவிட்டேன். அதை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் இனி எழுத வேண்டாம் என்று எழுதினேன்.

நல்லவன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி

ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. டாக்டர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

என் குழந்தை மூச்சில்லாமல் பிறந்து அப்போது நாலு மாதம். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நீ உன் வீட்டுக்குக் கூட்டிவந்தாய். அதை நான் மறக்கவில்லை. அன்று காலையில் வீடு முழுக்கப் புகை. சுவரிலிருந்து வந்தது, தலையணையிலிருந்து வந்தது. உனக்கும் அவளுக்கும் தெரியவில்லை. குட்டிக்கு மூச்சு முட்டுகிறது, இவளும் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. காற்று எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோனேன். இன்னும் காற்று வேண்டும் என்று சுவர்மேல் ஏறினேன். நீ வந்ததும் ஏன் சிரித்தேன் தெரியுமா? நீயும் புகையிலிருந்து தப்பித்துவிட்டாய் என்று.

குழந்தை விழுந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கும் கையில் எடை எதுவும் இல்லாதபோது அந்த நினைப்பு வரும். அதனால்தான் எப்போதும் எதையாவது வெட்டிக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ இருக்கிறேன்.

நீ எழுதாமல் விட்டது ஒன்று. குழந்தையைக் கீழே கொடுத்துவிட்டு மறுபடி மேலே வந்து என்னை அடித்தாய். அந்தப் பக்கம் எனக்கு ஒரு பல் இல்லை. அதற்காக உன்மேல் வருத்தம் கிடையாது, உன் இடத்தில் இருந்தால் நானும் அடித்திருப்பேன்.

ஆனால் தம்பி, நோய் வந்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். போனது எட்டு வருடத்துக்கு முன்னால். நடுவில் இந்த எட்டு வருடம் யாருடைய நோய்?

சரி, காரியத்துக்கு வருகிறேன். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்களுக்குத் தம்பி இருக்கிறதுதாம்மா இடைஞ்சல். யாருமே இல்லாதவங்கன்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரு குழு கூடும், தங்க இடமும் வேலையும் இருந்தா வெளியே அனுப்பிடும். சொந்தக்காரங்க இருந்தா அவங்க கையெழுத்து இல்லாம முடியாது. இதுதான் சட்டம், நான் எழுதினதில்ல."

வாழ்த்து அட்டை செய்யும் பட்டறை ஒன்று டீச்சருக்குத் தெரியுமாம். காகித வேலை, பெண்கள் ஒன்பது பேர், மாடியில் படுக்கை. என் படங்களைக் காட்டியிருக்கிறார். எப்போது வந்தாலும் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்களாம்.

உன்னிடம் இடம் கேட்கவில்லை. சோறு கேட்கவில்லை. உன் வாசலைத் தாண்டக்கூட மாட்டேன், அவளிடம் சொல். இதோடு இருக்கும் படிவத்தில் ஒரு கையெழுத்து. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 15

அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் ஆபீசுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். புகையைப் பற்றி நீ ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன். இருபது படங்களில் ஒன்றுகூட வீட்டுக்குப் போகவில்லை. ஆபீஸ் பீரோவின் கீழ்த்தட்டில், பழைய சுங்கத் தாள்களுக்கு அடியில் இருக்கின்றன. குட்டிக்கு அத்தை என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. படிக்கும் மேஜைக்கு மேலே என்று எழுதியதெல்லாம் நானாகக் கட்டியது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. துறைமுகப் படத்தைப் பிரித்து மேஜையில் வைத்திருந்தபோது மேலாளர் வந்துவிட்டார். "யாருய்யா செஞ்சது?" என்றார். "வீட்டுல சார்" என்றேன். வாய் அப்படித்தான் வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. தினமும் தபால் கட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது எதிரே நிற்கிறது. போன மாதம், "உங்க வீட்டம்மாவுக்கு என்ன பொறுமைய்யா!" என்றார். நான் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கோபப்படாதே. தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். நாளைக்கு வெளியே ஏதாவது நடந்துவிட்டால் சொந்தக்காரன் என்று கையெழுத்துப் போட்டவன் தலையில்தான் விடியும் என்றார். இவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என்னால் இவ்வளவுதான் முடிந்தது.

தம்பி

அக்டோபர் 3

தம்பிக்கு,

உறையைத் திறக்குமுன் முத்திரையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உன் கடிதத்தின் முத்திரை உன் ஊருடையது இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருக்கும் தபால் நிலையத்துடையது. ஏழு மணி நேரம் பயணம் செய்து, சாலையைக் கடக்காமல் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இங்கே வரை வந்தாயே என்று நினைப்பதா, இவ்வளவு தூரம் வந்தும் வரவில்லையே என்று நினைப்பதா?

படிவத்தில் "உறவு" என்ற கட்டத்தில் "தெரிந்தவர்" என்று எழுதியிருக்கிறாய். வால் சுழிக்க வேண்டிய எழுத்து எதுவும் அதில் இல்லை. சுலபமாக எழுதியிருப்பாய்.

குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டரம்மாவும் இருந்தார். "தெரிஞ்சவர் கையெழுத்தெல்லாம் செல்லாதும்மா. இவர் யாரு உனக்கு?" என்றார் குமாஸ்தா. அவருடைய புதுப் பதிவேடு விரித்திருந்தது. என் பெயருக்கு நேரே உறவினர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. பழைய பதிவெல்லாம்தான் மூட்டையில் போய்விட்டதே. எனக்குத் தம்பி என்று நீ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த தாள் இந்தக் கட்டடத்தில் மூன்றே மூன்று. மூன்றும் என் மெத்தைக்கு அடியில்.

எடுத்துக்கொண்டு வந்து காட்டியிருக்கலாம். தம்பி என்று எழுதி வாங்கி அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். நீ மறுபடி வக்கீலைக் கேட்பாய். மறுபடி காய்ச்சல் வரும். எனக்கு நாற்பத்தாறு வயது ஆகிறது.

"தெரிஞ்சவர்தான் சார். தபால்தலை அனுப்புவார்" என்றேன்.

"அப்ப சொந்தக்காரங்க?"

"யாரும் இல்ல சார்."

டாக்டரம்மாவுக்கு உண்மை தெரியும். என்னையே பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எழுதிட்டா எழுதினதுதான். அப்புறம் தம்பி இருக்கார், தங்கை இருக்காங்கன்னு வந்தா குழு நிறுத்திடும்" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். பேனாவைத் திறந்து எழுதிவிட்டார்.

நவம்பர் இருபத்தாறாம் தேதி குழு கூடுகிறது. முடிவானால் அன்றே அனுப்பிவிடுவார்கள்.

உன் மூன்று கடிதங்களையும் கைவேலை அறைக்கு எடுத்துப்போய் விரல் நகம் அளவுக்கு வெட்டினேன். "நோயாளியின் தம்பி" என்ற இடம் வந்தபோது கை நின்றது உண்மை. டீச்சர் மேஜையைச் சுற்றி வந்துவிட்டார். "கொடும்மா, நான் வெட்டுறேன்" என்றார். வேண்டாம் என்று நானே வெட்டினேன். பெரிய அட்டையில் ஒரு மரமாக ஒட்டியிருக்கிறேன். தலைகீழாகவும் குறுக்காகவும் போட்டதால் மரப்பட்டை மாதிரிதான் தெரிகிறது, ஒருவராலும் படிக்க முடியாது. அதை வார்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

துறைமுகப் படத்தைப் பற்றி நீ எழுதியது வலிக்கவில்லை என்றால் பொய். வேறு யாருக்கோ என் பொறுமையைக் கொடுத்துவிட்டாய். மற்றப் படங்களை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். ஆனால் ஒன்று. குட்டியிடம் கொடுப்பதானால் முதலில் மாடியில் நடந்ததைச் சொல், நான் அவளை எப்படி உட்காரவைத்தேன் என்பதையும் சேர்த்து. பிறகு படத்தைக் காட்டு. முறையை மாற்றிச் செய்யாதே.

இனி எழுத வேண்டாம். இருபத்தாறாம் தேதி வரவும் வேண்டாம்.

அக்கா

நவம்பர் 28

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன், நீ போன இடம் எது என்று டீச்சர் சொல்ல மறுத்துவிட்டார். "லெட்டரை வேணா எனக்கு அனுப்புங்க, சேர்த்திடறேன். அட்ரஸ் கேக்காதீங்க" என்றார்.

இருபத்தாறாம் தேதி வந்திருந்தேன். இந்தத் தடவை சாலையைக் கடந்தேன். புதுப் படிவம் ஒன்றில் "தம்பி" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில் வைத்திருந்தேன். நீ குழுவிடம் யாரும் இல்லை என்று சொல்லுமுன் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் வழியில் நின்றுவிட்டது. வந்து சேரும்போது பதினொன்றரை.

குழு நடக்கும் அறைக்கு வெளியே குமாஸ்தா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். "யாரைப் பார்க்கணும்?" என்றார். உன்னைச் சொன்னேன்.

"நீங்க யாரு?"

"தம்பி."

பதினோரு வருடத்தில் இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. அவர் பதிவேட்டைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். "இந்தம்மாவுக்கு யாரும் இல்லேன்னுல்ல இருக்கு? இப்பத்தான் உள்ளே முடிவாயிருக்கு, கையெழுத்து ஆகிட்டிருக்கு. தம்பின்னா நான் எழுந்து போய் நிறுத்தணும். நிறுத்தினா இனி ஆறு மாசம் கழிச்சுத்தான். உங்க பேரச் சொல்லுங்க" என்று பேனாவை எடுத்தார்.

கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. படிவத்தின் முனையைத் தொட்டேன். அதைக் கொடுத்தால் நான் தம்பி, நீ இன்னும் ஆறு மாதம் உள்ளே. அதற்குப் பிறகும் என் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கே உறுதியில்லை.

"மன்னிக்கணும் சார், ஊர்ல அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். சொந்தமெல்லாம் இல்ல. தெரிஞ்சவன்தான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

வராந்தாவின் கோடியில் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். பன்னிரண்டரைக்கு நீ வெளியே வந்தாய். உன்னை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. உன் தோளில் கையை வைத்திருந்தவரைக் குமாஸ்தா "டீச்சர்" என்று கூப்பிட்டதால்தான் அது நீ என்று தெரிந்தது. தலை முழுக்க நரைத்திருக்கிறது. கையில் ஒரு துணிப்பை மட்டும். வாசல் காவலாளி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். நீ தாண்டாமல் நின்றாய். டீச்சர் ஏதோ சொன்னார். பிறகு நீ தாண்டினாய். பத்தடி போனதும் நின்று, செருப்பைச் சரிசெய்வது மாதிரி குனிந்து, தரையைத் தொட்டுப் பார்த்தாய். கூப்பிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை.

அன்று இரவு வீட்டுக்கு வந்து குட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இவள் அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள், தடுக்கவில்லை. நீ சொன்ன முறைப்படியே சொன்னேன். முதலில் மாடி. சுவர், கால்கள், விசிறியது, புகை, நான் அடித்தது. பிறகு எட்டு வருடம். கடைசியாகத்தான் பத்தொன்பது படங்களையும் தரையில் பரப்பினேன். அவள் எதையும் தொடவில்லை.

"அத்தை இப்ப எங்கப்பா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை.

தம்பி